அத்தை வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறை

காலையில் ஏரிக்கரையில் கைவீசி நடக்கும் என் வயதுத் தோழர்களே, தோழிகளே, கொஞ்ச நாளாக நான் ஏன் நடக்க வரவில்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சர்க்கரையும் இல்லை, முட்டிவலியும் இல்லை. கோலாலம்பூர் அம்பாங்கில் ஒரு பழைய தகரக் கொட்டகையைச் சுவர் ஏறும் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன். கயிறு கிடையாது. இரண்டு ஆள் உயரச் சுவர், அதில் கலர் கலராய்ப் பிடிகள், கீழே தடித்த மெத்தை. ஏற முடிந்தால் ஏறலாம், முடியாவிட்டால் மெத்தையில் விழலாம். பஞ்சுமிட்டாய்க் கலரில் ஒரு வழி இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்கானது. அதில் பாதிதான் தாண்டியிருக்கிறேன்.

அங்கே வேலை செய்யும் பையன் முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஆன்டி, பேரனக் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றான்.

"எனக்குத்தான் தம்பி."

"ஃபர்ஸ்ட் டைமா?"

"பிளாஸ்டிக் கல்லுல ஃபர்ஸ்ட் டைம்" என்றேன். அவன் சிரித்தான். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டான். கால்விரலை மடக்கி நெருக்கும் சப்பாத்தைக் கொடுத்து, எப்படி விழ வேண்டும் என்று காட்டித் தந்தான். கையை ஊன்றாமல், முழங்காலை மடக்கி, அப்படியே பின்னால் உருள வேண்டும். நான் உருண்டேன். இந்த வயதில் தரையில் உருள்வதற்கும் ஓர் இடம் இருக்கிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

நிஜக் கல்லில் நான் ஏறத் தொடங்கியது பதினொரு வயதில். அதைச் சொல்ல வேண்டுமானால் என் இடது கையிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்பாவின் சைக்கிள் கேரியரிலிருந்து விழுந்து அந்தக் கை உடைந்தது. எங்கள் ஊரான கிள்ளானில், பாசாருக்குப் பின்னால் இருந்த சின்சேயிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எலும்பு முறிவுக்கு அப்போதெல்லாம் நம் ஆட்கள் முதலில் போவது சீன வைத்தியரிடம்தானே. அவர் கறுப்பாய் ஒரு மருந்தைக் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். இஞ்சியும் தாரும் ஆறிப்போன தேயிலையும் கலந்தது போன்ற வாசனை. கட்டை அவிழ்த்தபோது கை மெலிந்து, வெளுத்து, கொஞ்சம் வளைந்த மாதிரி தெரிந்தது. சின்சே அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "போலே லா, போலே லா" என்றார். எல்லாம் செய்யலாம் என்று மலாயில் சொல்கிறார். வீட்டில் ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை.

அன்று முதல் அந்தக் கை எங்கள் வீட்டுக்கு வந்த சம்பந்தி மாதிரி ஆகிவிட்டது. அதனிடம் ஒரு வேலையும் வாங்க மாட்டார்கள். வாளி தூக்கக் கூடாது, பள்ளிப் பையை அந்தத் தோளில் போடக் கூடாது, தம்ளரைக்கூட வலது கையில்தான் பிடிக்க வேண்டும். வேலையே இல்லாத கை இன்னும் மெலிந்தது. மெலிந்ததைப் பார்த்து இன்னும் பயந்தார்கள்.

இப்போது சுவர் ஏறப் போகிறேன் என்றதும் என் மகள் என்னை விடாமல் டாக்டரிடம் இழுத்துப் போய் எக்ஸ்ரே எடுக்க வைத்தாள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எந்தக் கை ஒடிஞ்சதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். எலும்பு அவ்வளவு நேராக ஒட்டியிருந்ததாம். சின்சே சொன்னதுதான் சரி. வளைந்திருந்தது எங்கள் வீட்டார் கண் மட்டும்தான்.

சரி, அந்த வருடத்துக்கு வருகிறேன். அம்மா பிள்ளை சுமந்திருந்தாள். எனக்குப் பிறகு உண்டான இரண்டும் தங்கவில்லை, அதனால் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. எனக்கோ கட்டுக்கடங்காத ஆசை. பிள்ளை வந்ததும் எப்படித் தூக்குவது, தலை எந்தப் பக்கம், கால் எந்தப் பக்கம் என்று தலையணையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்திருந்த அப்பாவின் அக்கா, என் அத்தை, அதைப் பார்த்துவிட்டாள்.

"இந்தாம்மா, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் அம்மாவிடம். "பிள்ளை பொறந்தா இவ கையில மட்டும் குடுத்துடாதே. கை பெலம் இல்லாத பொண்ணு. நழுவ விட்டுட்டா என்னா செய்வே?"

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் மறுத்துப் பேசாததுதான் எனக்கு வலித்தது. கொல்லைப்புறம் போய் அழுதேன்.

வருடக் கடைசிப் பள்ளி விடுமுறை வந்ததும், அம்மாவுக்குத் தொந்தரவு வேண்டாமென்று என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். கோலாலம்பூருக்கு வடக்கே ஒரு சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் வரிசை வீடுகள். மாமா தினமும் ஸ்கூட்டரில் பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில்வே வேலைக்குப் போவார். மற்ற நேரமெல்லாம் அவருக்குக் கோயில்தான். வீட்டுக்குப் பின்னால் பெரிய சாக்கடை, அதைத் தாண்டினால் குன்றிலிருந்து எப்போதோ உருண்டு வந்து நின்ற ஒரு பாறை. லோரி அளவு இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் வேல் ஒன்றை நட்டு, தகரக் கூரை போட்டு, வெள்ளிக்கிழமை பூசை செய்வார்கள். மாமாதான் அதற்குப் பொருளாளர், பூசாரி, கூட்டிப் பெருக்குபவர் எல்லாம். பாறையின் மறுபக்கத்தை யாரும் கவனிப்பதில்லை.

மத்தியானம் தவறாமல் மழை பெய்யும். மழை விட்டதும் அந்தப் பாறையிலிருந்து ஒரு வாசனை வரும். புதுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது வருமே, அந்த வாசனையோடு பாசி வாசனையும் சேர்ந்திருக்கும். நான் அதன் மேல் கன்னத்தை வைத்துப் பார்ப்பேன். வெயில் அடித்தாலும் சில்லென்றே இருக்கும். அதில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் குழிகள் இருந்தன. உள்ளே என்ன இருக்கும் என்று ஈர்க்குச்சியை விட்டுக் குத்திப் பார்த்தேன். ஒன்றிலிருந்து சிலந்தி வந்தது. இன்னொன்றில் யாரோ எப்போதோ செருகிவைத்த ஊதுவத்திக் குச்சி இருந்தது.

வந்த முதல் வாரமே ஒரு வம்பு நடந்தது. அத்தை பாசாரிலிருந்து ஒரு பூசணிக்காய் வாங்கி வந்தாள். பச்சைப்பிள்ளை அளவுதான் இருந்தது. நான் அதை இடது கை மடிப்பில் வைத்து, துண்டால் சுற்றி, வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். கூடத்தைத் தாண்டும்போது கை நடுங்கியது. சமையலறை வாசலில் விட்டுவிட்டது. பூசணிக்காய் சிமெண்டுத் தரையில் விழுந்து பிளந்து, விதையெல்லாம் அத்தையின் காலடி வரை சிதறியது.

அத்தை என்னை அடிக்கவில்லை. குனிந்து ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கினாள். "பாத்தியா?" என்றாள். "இதுவே பிள்ளையா இருந்தா?"

அன்று பூசணிக்காய்ச் சாம்பார். நான் வெறும் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமைதான் அவர்கள் வந்தார்கள். காலேஜில் படிக்கும் நாலைந்து பேர், சீனர்களும் மலாய்க்காரர்களுமாக, ஒரு பழைய வேனில் வந்து இறங்கினார்கள். லோரித் தார்ப்பாயைப் பை போலத் தைத்து, சோபா கடையில் தூக்கிப்போடும் ஸ்பாஞ்சுத் துண்டுகளை அடைத்து, ஒரு மெத்தை மாதிரி செய்து வைத்திருந்தார்கள். அதைப் பாறையின் மறுபக்கத்தில் விரித்தார்கள். பிறகு வெகுநேரம் ஒருவரும் ஏறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பாறையைப் பார்த்தபடி நின்றார்கள். காற்றில் கையை நீட்டுவதும் காலைத் தூக்குவதுமாக இருந்தார்கள். இவர்கள் என்ன, ஊமைக்கூத்து ஆடுகிறார்களா என்று நான் சாக்கடைத் திண்டில் உட்கார்ந்து பார்த்தேன். ஏறுவதற்கு முன்னால் வழியைக் கண்ணால் ஏறிப் பார்க்கிறார்கள் என்பது அப்போது தெரியாது.

மாமா விளக்குமாறோடு வந்து நின்றார். அவர்கள் இடுப்பில் தொங்கிய துணிப்பைக்குள் கைவிட்டு வெள்ளைப் பொடியை எடுத்து இரண்டு கையிலும் பூசினார்கள். வியர்வை வழுக்காமல் இருக்கப் பூசுவது. மாமா அசந்துபோய்விட்டார்.

"பாத்தியா?" என்றார் என்னிடம். "நம்ம பிள்ளைங்க நெத்தியில விபூதி வைக்க வெக்கப்படுதுங்க. இவனுங்க கை நெறைய பூசிக்கிட்டுத்தான் கல்லயே தொடுறானுங்க."

அவர் முகம் மலர்ந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அவர்கள் காலைப் பார்த்துவிட்டார். "ஓய், பாஸ்! காசுட் புக்கா லா! சப்பாத்தோட ஏறக் கூடாது! கோயில் கல்லு இது!" என்று மலாயும் தமிழுமாகக் கத்தினார். விளக்குமாறு வேறு கையில் இருந்தது. சண்டை வந்துவிடும் என்று நினைத்தேன். கூட்டத்தில் ஒரு சீன அக்கா இருந்தாள், குட்டை முடி, முழங்காலில் தழும்பு. அவள் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள். மற்றவர்களும் கழற்றினார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மென்மையான பாதங்கள், கூரான சுண்ணாம்புக்கல். "அடோ! அடோ!" என்று ஒவ்வொருவரும் காலைத் தூக்கித் தூக்கி ஊதிக்கொண்டார்கள். மாமாவுக்கே பாவமாகிவிட்டது. சுண்டல் கொண்டுவந்து கொடுத்தார், கூடவே ஒரு பொட்டலம் திருநீறும். அதை வாங்கிய நெட்டை அண்ணன் மிகுந்த மரியாதையோடு அப்படியே தன் பொடிப் பைக்குள் கொட்டிக்கொண்டான். மாமா அன்று முழுக்க அந்தக் கதையைத்தான் வரிசை வீடு முழுவதும் சொன்னார். மெத்தையையும் பொடிக்கட்டி போட்ட மார்ஜரின் டப்பாவையும் கோயிலுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போகவும் அனுமதி கொடுத்துவிட்டார்.

அவர்கள் கிளம்புவதற்கு முன் சீன அக்கா என்னைப் பார்த்து, வா என்று கைகாட்டினாள். நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "சாக்கிட்" என்றேன். வலி, முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்த மலாய் அதுதான். அவள் அந்தக் கையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. குனிந்து என் பாதத்தைத் தட்டினாள். செருப்பில்லாமல் சாக்கடை ஓரம் சுற்றித் திரிந்து மரத்துப்போன பாதம். "வாஹ், பாகுஸ்" என்றாள், நன்றாக இருக்கிறதே என்பதுபோல. பாறையில் தாழ்வாக இருந்த ஒரு திட்டைக் காட்டி, "காக்கி, அடிக், காக்கி" என்றாள். கால், தங்கச்சி, கால்.

திங்கட்கிழமையிலிருந்து நான் தொடங்கினேன். மழை விட்டுக் கல் காய்ந்ததும் போவேன். தார்ப்பாய் மெத்தையை இழுத்துப் போட்டு, டப்பாவில் கைவிட்டு, பொடி பூசிக்கொண்டு நிற்பேன். தனியாக ஏறக் கூடாது என்று இப்போது அம்பாங் கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அன்று அதை யார் சொல்ல?

முதல் நாள் வலது கையால் பிடித்து உடம்பை இழுத்துப் பார்த்தேன். வேலைக்கு ஆகவில்லை. மரத்தில் ஏறுகிற பையன்கள்போல இழுத்து ஏறுவது என்னால் ஆகாது. அப்போதுதான் அந்த அக்கா பாதத்தைத் தட்டியது ஞாபகம் வந்தது. கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கால் எங்கே வைக்கலாம் என்று பார்த்தேன். பெருவிரல் ஒன்று மட்டும் வைக்கும் அளவுக்கு ஒரு முனை இருந்தது. அதில் விரலை ஊன்றி எழுந்து நின்றேன். கை சும்மா கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் தரையில் இல்லை! ஒரு சாண் உயரம்தான், இருந்தாலும் நான் தரையில் இல்லை. அந்த ஒரு சாணுக்கு நான் கொண்ட சந்தோஷத்தை, பிற்காலத்தில் என் கல்யாணத்தன்றுகூட நான் கொண்டதில்லை. என் வீட்டுக்காரர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி. காலை நேராக வைத்தால் என்ன, பக்கவாட்டில் வைத்தால் என்ன? இடுப்பைக் கல்லோடு ஒட்டினால் கைக்குப் பாரம் குறைகிறதே, ஏன்? கையை மடக்கி வைத்தால் உடனே நடுங்குகிறது, நீட்டித் தொங்கவிட்டால் நடுங்குவதில்லை. கொடியில் ஈரத்துணி தொங்குகிற மாதிரி தொங்கினால் போதும். இடது கையை முதலில் தொடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டேன். பிறகு வலது கை அடுத்த குழியைத் தேடும்போது மட்டும் அது பிடித்துக்கொள்ளும். பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் பிடித்துக்கொள்ளும். அது உடைந்துவிடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. ஆனால் பயத்தைவிட, உடைகிறதா என்று பார்த்துவிடும் ஆவல் பெரிதாக இருந்தது. விரல் நுனித்தோல் உரிந்தது. விரல்களின் அடியில் கொப்புளம் வந்து, உடைந்து, மறுபடி வந்தது. எத்தனையோ தரம் விழுந்தேன். தார்ப்பாய் "டொப்" என்று சத்தம் போடும், கோயில் கூரையில் உட்கார்ந்த புறாக்கள் பறக்கும், நான் எழுந்து மறுபடி நிற்பேன்.

சாயங்காலம் வெள்ளைக் கையோடு வீட்டுக்குப் போனேன். அத்தை என் கைகளைப் பார்த்து நெகிழ்ந்துபோனாள். "கோயிலுக்கா போயிட்டு வரே?"

"இல்ல அத்தை, கல்லுல ஏறுறேன். பின்னால பக்கம்."

"அந்தக் கைய வச்சுக்கிட்டு?" என்று சிரித்தாள். "போடி. சாமி கும்பிடுறேன்னு சொல்ல என்னா வெக்கம்?"

நான் மறுபடி சொன்னேன். மாமாவிடமும் சொன்னேன். அவர், "வேண்டுதல வெளிய சொல்ல மாட்டா, புத்திசாலி" என்றார். அதற்கு மேல் என்ன செய்வது? வந்து பாருங்கள் என்றால் சாக்கடையைத் தாண்டி மறுபக்கம் வர யாருக்கும் நேரமில்லை. சில நாளில் அத்தை என் கையில் ஒட்டியிருந்த பொடியைத் தன் விரலால் தொட்டு நெற்றியில் பூசிக்கொள்ளவும் தொடங்கினாள். பக்கத்து வீட்டு ஆன்டியும் ஒருநாள் வந்து பூசிக்கொண்டு போனார்.

பாறையின் உச்சிக்குப் போன நாளில் மழை வரவில்லை. கடைசிப் பிடி இடது கைக்குத்தான் எட்டியது. வேறு வழியே இல்லை, வலது கை போகாத மூலையில் அது இருந்தது. கால்கள் இரண்டும் சிறு முனைகளில், வலது கை ஒரு குழியில். இடது கையை நீட்டிப் பிடித்து, மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, அந்த ஒரு கையில் தொங்கி மேலே வர வேண்டும். பூசணிக்காய் ஞாபகம் வந்தது. கீழே மெத்தை சிறிதாகத் தெரிந்தது. பிடித்தேன், விட்டேன். கை என்னைத் தாங்கியது. மேலே என்ன இருந்தது என்று கேட்பீர்கள். குழியில் கொஞ்சம் மழைத்தண்ணீர், ஒரு பெரணிச்செடி, காக்கை தூக்கிவந்து போட்ட தேங்காய்ச் சில். அத்தை துணி காயப்போடுவது தெரிந்தது. கூப்பிட்டேன். நாலு பக்கமும் பார்த்தாள், நிமிர்ந்து மட்டும் பார்க்கவில்லை.

அந்த வாரம் தகவல் வந்தது. தம்பி பிறந்திருக்கிறான், இருவரும் சுகம். அத்தை அழுதாள். அந்தச் சந்தோஷக் களேபரத்தில் நான் குளியலறையிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை இடது கையில் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தேன். யோசித்துச் செய்யவில்லை. வலது கையில் சோப்பு இருந்தது. அத்தை கரண்டியைக் கீழே போட்டாள்.

"முருகா!" என்று அலறினாள். மாமா ஓடிவந்தார். இன்னொரு வாளி தூக்கிக் காட்டச் சொன்னார்கள், தூக்கினேன். பக்கத்து வீட்டு ஆன்டி முன்னால் இன்னொரு தடவை. அன்றே அத்தை பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். எடுக்கவும் செய்தாள், அடுத்த வருடம் கொளுத்தும் வெயிலில். முருகனும் ஒன்றும் மறுப்புச் சொல்லவில்லை.

அப்பா வந்து எங்களைக் கிள்ளானுக்குக் கூட்டிப்போனார். அத்தை பஸ்ஸில் வழி நெடுக அப்பாவிடம் அதிசயத்தை விவரித்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பூண்டும் மஞ்சளும் சாம்பிராணியும் கலந்த வாடை. அம்மா பாயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. தம்பி பக்கத்தில் துணிச் சுருளுக்குள் இருந்தான், முகம் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். தூக்கட்டுமா என்று கேட்க நாக்கு எழவில்லை. கேட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

அத்தை மூச்சு விடாமல் சொன்னாள். "தெனம் கோயிலுக்குப் போய்ப் போய், கை நெறைய விபூதியோட வருவா. முருகன் கைய குடுத்துட்டாரும்மா. வாளி தூக்குறா, தெரியுமா! ஆனாலும் பிள்ளைய இப்ப குடுக்காதே. நான் மொதல்ல பால்குடம் எடுத்து முடிச்சிடுறேன்."

அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். இடது கையை வாங்கி விரித்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் ரப்பர்த் தோட்டத்தில் கத்தி பிடித்துப் பால்மரம் வெட்டியவள். விரல்களின் அடியில் வரிசையாகத் தடித்திருந்த இடங்களைத் தன் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தாள்.

"அண்ணி, சாமி கும்பிட்டா இங்கெல்லாம் காய்க்காது" என்றாள். பிறகு என்னிடம், "என்னத்தடி பிடிச்சே?" என்று கேட்டாள்.

"கல்லும்மா. கோயிலுக்குப் பின்னால பெரிய கல்லு. அதுல ஏறுனேன்."

"விழுந்தியா?"

"ரொம்ப."

"மேல போனியா?"

"போனேன்மா."

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீங்க போயி டீ போடுங்க அண்ணி" என்றாள் அம்மா. என்னைச் சம்மணம் போட்டு உட்காரச் சொன்னாள். தம்பியை எடுத்து, தலை என் இடது கை மடிப்பில் வரும்படி வைத்தாள். அப்பா தன்னையறியாமல் குனிந்து, அவனுக்குக் கீழே இரண்டு கையையும் விரித்தார். அம்மா அவர் கைகளைத் தள்ளிவிட்டாள்.

அவன் சூடாக இருந்தான். நான் நினைத்ததைவிடக் கனம் குறைவு. வாயைக் கோணலாகத் திறந்து மூடினான். கை நடுங்கவில்லை என்று அம்மாவுக்குக் காட்ட நிமிர்ந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, அதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.